பாலில் நின்ற கால்

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு சிஸ்டர் ஜெனெவியேவ் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தாளைக் குத்திவிட்டுப் போவார். நர்ஸ் பள்ளியின் வாரச் செய்தி அது. சிஸ்டரே தன் கையால் தட்டச்சு அடித்தது. யார் எந்த வார்டுக்கு மாறுகிறார்கள், பரீட்சை என்றைக்கு, வெந்நீர்க் கொதிகலன் எப்போது ரிப்பேர் ஆகும், விடுதிச் சுவரேறிக் கொய்யா பறித்தவர்கள் தாங்களாகவே வந்து ஒப்புக்கொள்வது நல்லது என்று எல்லாமே அந்த ஒரு தாளில் இருக்கும். தீவின் மேட்டுப் பகுதியில், பீனிக்ஸ் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்த இருபத்திரண்டு பெண்களும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் முண்டியடிப்பார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பூங்காவனத்தின் பெயர் அந்தத் தாளில் இரண்டு இடத்தில் வந்தது. ஜனவரி கடைசிச் சனிக்கிழமை முதல் கட்டப் பயிற்சி தேறி நர்ஸ் தொப்பி சூட்டப்படும் ஏழு மாணவிகளில் அவளும் ஒருத்தி. சர்க்கரை வியாதிப் பாடத்தில் முதல் மார்க்கும் அவளுக்குத்தான்.

"உன் பேரை ரெண்டு தடவை அடிக்கிறதுக்குள்ள மெஷின்ல மை தீர்ந்திருக்கும்" என்றாள் மொனிக். தலைநகர் போர்ட் லூயிஸில் டிராங்கெபார் பகுதிக்காரி. பக்கத்துக் கட்டில். பூங்காவனத்துக்கு அந்த விடுதியில் கிடைத்த ஒரே சிநேகிதி.

"எங்கம்மாகிட்ட சொல்லணும்" என்றாள் பூங்காவனம். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மா காமாட்சி மேற்குக் கரையோரம் பாம்பூவில் இருந்தாள். மழை மேட்டிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சம் மீதியைத்தான் பாம்பூவுக்கு அனுப்பும். அந்த வறண்ட மண்ணில் கரும்புத் தோட்டத்தார் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அப்பா மருதைக்கு வெட்டுக் காலத்தில் கரும்பு வெட்டு, மற்ற நாளில் கல் பொறுக்கிக் குவிக்கிற வேலை. காமாட்சிக்குக் களையெடுப்பு. கரும்புத் தோகை அறுக்காமல் இருக்க, களையெடுக்கும் பெண்கள் பாதத்திலிருந்து முழங்கால் வரை கோணித்துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கோணிக்குள் கால் எந்த நிலையில் இருக்கிறதென்று கட்டியவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் பேச்செல்லாம் தீவுக்காரர்களின் க்ரியோல் மொழிதான். உறவு முறையும் கோயில் காரியமும் கொஞ்சம் வசவும்தான் தமிழில் தங்கியிருந்தன. காமாட்சி மட்டும் தன் தாயிடமிருந்து இன்னும் நாலு சொல் கூடுதலாக வாங்கிவைத்திருந்தாள். அவர்கள் பேசியதை நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அங்கங்கே ஒரு சொல் அப்படியே நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் நர்ஸ் ஆக வேண்டும் என்பது காமாட்சியின் பிடிவாதம். அதற்காக திரௌபதை அம்மனுக்கு மூன்று வருஷம் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் மிதித்தாள், பெண்ணுக்கு நுழைவுப் பரீட்சை தேறவில்லை. அம்மனைக் குறை சொல்லாமல் இரண்டாம் வருஷமும் மிதித்தாள், இடம் கிடைத்தது. இது மூன்றாவது வருஷம். தொப்பிக்காக.

பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவிகளுக்கு லீவு. அந்த டிசம்பர் ஞாயிறு பூங்காவனம் வீட்டுக்குப் போனபோது கோயிலில் காப்புக் கட்டுகிற நாள். அன்றிலிருந்து பதினாலு நாள் கவுச்சி கிடையாது, பாயில்தான் படுக்கை, பதினைந்தாம் நாள் ஞாயிறு தீமிதி. காமாட்சி மஞ்சள் புடவையோடு வாசற்படியில் உட்கார்ந்து, ஊக்கினால் இடது குதிகாலில் எதையோ நெம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அது?"

"முள்ளு. எப்ப குத்திச்சுன்னே தெரியல பாரு. அம்மன் இப்பவே காலைக் கெட்டியாக்கி வெச்சிட்டா."

விரலளவு முள் வெளியே வந்தது. காமாட்சி சிரித்தாள், பூங்காவனமும் சிரித்தாள். பிறகு காமாட்சி எழுந்துபோய்க் குடத்தில் மொண்டு மொண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள். பாம்பூ வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டாள் முதல் மார்க் வாங்கிய மகள். சொந்தத் தாயைப் பாடப் புத்தகத்தில் தேடிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்.

கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் விநாயகம் வந்தார். வயலில் ஆட்களை மேய்க்கும் சிர்தார் அவர்தான், கோயிலுக்குத் தலைவரும் அவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் தொப்பியைக் கழற்றினால் நல்ல சேதி வராது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"மருதையண்ணே, காப்புக் கட்டறதுக்கு முன்னாடி ஒரு பேச்சு."

"பேசு."

"நான் கேக்கல. ஊர் கேக்குது. உங்க பொண்ணு ஆஸ்பத்திரில பொணம் தொடறவ. அந்தக் கையோட விரத வீட்டுக்குள்ள வந்து போறா. நாளைக்குக் குண்டத்துல யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா..."

"என் பொஞ்சாதி ரெண்டு வருஷமா மிதிக்கிறா. என்ன ஆச்சு?"

"அப்ப பொண்ணு ஆஸ்பத்திரில இல்லையேண்ணே."

மருதை கங்கு தட்டுகிறவர். குண்டத்தில் விறகு எரிந்து முடிந்ததும் நீளக் கழியால் கங்கைத் தட்டிச் சமன் செய்யும் வேலை இருபது வருஷமாக அவருடையது. குண்டத்தைப் பற்றி அவருக்கே பாடம் சொன்னால் பிடிக்குமா?

"இதோ பாரு விநாயகம். நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம், நெருப்பே சொல்லட்டும். காமாட்சி கால்ல ஒரே ஒரு கொப்புளம் வந்தாலும், மறுநாளே போய் இவளைக் கூட்டிட்டு வந்து வயல்ல விட்டுடறேன். சா மேம், அவ்வளவுதான். போதுமா?"

போதும் என்பதுபோல விநாயகம் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

மருதையின் வார்த்தை என்றால் அந்த வரிசை வீடுகளில் அதற்கு ஒரு கதை உண்டு. நாற்பத்து மூன்றாம் வருஷ வேலைநிறுத்தத்தில், கூலி ஏறாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று சொன்னவர். கூலி ஏறவில்லை. மற்றவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வயலுக்குத் திரும்பிய பிறகும் பதினோரு நாள் அவர் தொடவில்லை. அந்தப் பதினோரு நாளும் வீட்டில் முருங்கைக்கீரையும் உப்பும்தான். கடைசியில் தோட்டத்தார் இரண்டு காசு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு மருதை சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. அந்தப் பெயர் அவருக்கு ஒரு பெருமை, வீட்டாருக்கு ஒரு பாரம்.

"உங்கப்பாவுக்கு வாய் நீளம்" என்றாள் காமாட்சி, கோயிலுக்கு நடக்கும்போது மகளிடம் மெதுவாக.

தீமிதிக்கு முந்தின சனிக்கிழமை பெண்கள் வார்டில் ஒரு கிழவி இறந்துபோனாள். பூங்காவனம் முதல்முறையாக ஒரு பிணத்தைத் துடைத்துக் கட்ட வேண்டி வந்தது. சிஸ்டர் ஜெனெவியேவ் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணை மூடு. தாடையைத் தாங்கிக் கட்டு. விரல்களுக்கு நடுவில் துடை, உயிரோடு இருப்பவளுக்குச் செய்வதுபோலவே செய். நடுவில் ஒருமுறை பூங்காவனம் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தாள். சிஸ்டர் கோபிக்கவில்லை. அவருக்குப் பிடித்த பேச்சு ஒன்றுதான் உண்டு. கேட்பதற்கு முன்னால் பார். நோயாளி உன்னிடம் மறைப்பாள், அவள் உடம்பு மறைக்காது. அன்றைக்கும் அதையே சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. போர்ட் லூயிஸ் போய் பஸ் மாறி பூங்காவனம் பாம்பூவில் இறங்கியபோது மணி பத்து. கோயிலிலிருந்து மேளம் கேட்டது. காமாட்சி குழாயடியில் தலைமுழுகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நேத்து நான் ஒரு பொணத்தைத் தொட்டேன்" என்றாள் மகள். மறைக்க அவளால் முடியவில்லை.

காமாட்சியின் கையில் செம்பு நின்றது.

"குளிச்சியா?"

"ரெண்டு தடவை."

"வயசானவளா?"

"ஆமா. யாருமே வரல அவளுக்கு."

"அப்ப நீ செஞ்சது நல்லதுதான். அப்பாகிட்ட சொல்லாத." செம்பை மறுபடியும் முக்கினாள். "தொப்பி போடற அன்னிக்கு எங்களை உள்ள விடுவாங்களா?"

"எல்லார் அப்பா அம்மாவும் வருவாங்க. ஆனா நீ வெறுங்காலோட வராதம்மா. எல்லாரும் ஷூ போட்டிருப்பாங்க."

"வாங்கிட்டாப் போச்சு" என்றாள் காமாட்சி.

குண்டத்தில் சவுக்கு விறகு காலையிலிருந்து எரிந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மருதை ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு கங்கைத் தட்டினார். கழி முனை பற்றிக்கொள்ளும், அதை வாளித் தண்ணீரில் முக்குவார், மறுபடியும் தட்டுவார். பதினைந்தடி நீளத்துக்குக் கங்கு ஒரே மட்டமாகப் படுத்தது. குண்டத்தின் அந்தப்பக்கம் மண்ணில் பள்ளம் தோண்டி, தகரத் தொட்டி வைத்து, அதில் பால் ஊற்றியிருந்தார்கள். நெருப்பைத் தாண்டியவர்கள் அதில் கால் வைத்துத்தான் தரைக்கு இறங்குவார்கள்.

ஆண்கள் போனார்கள். பிறகு பெண்கள் பதினான்கு பேர். கடைசியில் காமாட்சி.

முன்னால் போனவர்கள் எல்லாரும் நாலைந்து எட்டில் விரைந்து கடந்தார்கள். சூடு உறைக்கிற கால் அப்படித்தான் போகும். காமாட்சி கைகூப்பிக்கொண்டு, தன் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நிதானமாக நடந்தாள். கூட்டத்தில் பெண்கள் குலவையிட்டார்கள். விநாயகமே கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா பால் தொட்டிக்குள் இறங்கினாள். இறங்கியவள் வெளியே வரவில்லை. மற்றவர்கள் மிதித்த மிதியில் வந்துவிட்டார்கள், காமாட்சி பாலுக்குள் நின்றுகொண்டே இருந்தாள். பூசாரி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் காலை எடுத்தாள். அம்மன் அவள்மேல் இறங்கியிருக்கிறாள் என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். பூங்காவனமும் அப்படித்தான் நம்பினாள்.

பிறகு வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு. பூசணி, வாழைக்காய், பலாக்காய், கத்தரிக்காய் என்று வாளி வாளியாக வந்தது. காமாட்சி ரச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி முழுவதும் நடந்தாள். மகளுடைய இலைக்கு வந்தபோது மட்டும் குனிந்து, "தொப்பி வந்துடும், தைரியமா போ" என்றாள். ஐந்து மணி பஸ்ஸில் பூங்காவனம் திரும்பிவிட்டாள்.

அடுத்த லீவு ஞாயிறன்று வீட்டுக்குப் போக முடியவில்லை. தொப்பி சூட்டு விழாவுக்கு ஒத்திகை, லீவு ரத்து என்று வாரச் செய்தியில் போட்டிருந்தது. ஏழு பேரும் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினார்கள். தொப்பிக்குக் கஞ்சி போட்டு, விறைப்பாகத் தேய்த்து மடிக்கக் கற்றார்கள். மொனிக் முதல் தொப்பியைத் தீய்த்துவிட்டு, அதற்குச் சிஸ்டரிடம் ஒரு வாரம் பெட்பேன் கழுவும் தண்டனை வாங்கினாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. கூடம் நிறைய நாற்காலிகள். அப்பாமார் டை கட்டியிருந்தார்கள், அம்மாமார் தொப்பி வைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் மருதை கல்யாணக் கோட்டோடும் காமாட்சி பச்சைப் பட்டோடும் உட்கார்ந்திருந்தார்கள். காமாட்சியின் காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

சிஸ்டர் ஜெனெவியேவ் பெயர் கூப்பிட்டு, ஒவ்வொருத்தி தலையிலும் தொப்பியை வைத்துக் கொண்டை ஊசி குத்தினார். பூங்காவனத்தின் முறை வந்தபோது பின்வரிசையிலிருந்து அம்மாவின் விசும்பல் அவளுக்குக் கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை. பின்னாலும் இல்லை.

விழா முடிந்து தோட்டத்தில் டீயும் கேக்கும் கொடுத்தார்கள். காமாட்சி டீயைத் தொடவில்லை, தண்ணீர் கேட்டாள். ஒரு டம்ளர். இன்னொன்று. இன்னொன்று. அவள் இடது காலை ஊன்றாமல் விந்திவிந்தி நடப்பதைப் பக்கத்தில் நின்ற அம்மாமார் பார்த்தார்கள்.

சிஸ்டர் ஜெனெவியேவ் பூங்காவனத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் அம்மா நடப்பதைப் பார்த்தாயா? காலில் என்ன?"

ஷூ போட்டு நடக்கத் தெரியாத அம்மா என்று எல்லாரும் நினைக்கிறார்களே என்ற வெட்கம்தான் பூங்காவனத்துக்கு முதலில் வந்தது.

"புது ஷூ, சிஸ்டர். கடிக்குது. அம்மாவுக்குப் பழக்கமில்லை."

சிஸ்டர் இன்னும் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். அதற்குள் யாரோ ஒரு டாக்டரின் மனைவி அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஷூவைக் கழட்டிட்டு நடக்கட்டுமா, பூங்கா?" என்று கேட்டாள் காமாட்சி, பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போது.

"ஆஸ்பத்திரி வாசல் தாண்டட்டும்மா" என்றாள் மகள்.

மருதை மனைவியின் கையைத் தன் தோள்மேல் எடுத்து வைத்துக்கொண்டார். பூங்காவனம் வாசல் கேட் வரைக்கும் வந்து கையசைத்தாள். தலையில் தொப்பி இருந்ததால் அவளுக்குக் கழுத்து நேராக நின்றது.

ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை, காமாட்சியை மாட்டு வண்டியிலும் பிறகு தோட்டத்து லாரியிலும் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெண்கள் வார்டில் பூங்காவனத்துக்குக் காலை முறை. புது நோயாளி என்று சொன்னதும் படுக்கை விரித்துவிட்டுத் திரும்பியவள், ஸ்ட்ரெச்சரில் இருந்த முகத்தைப் பார்த்தாள். அதற்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது.

கோணித்துணியை அவளே வெட்டினாள். அதற்குள் மஞ்சளும் திருநீறும் தேங்காயெண்ணெயும் சேர்ந்து காய்ந்த பற்று. அதை ஊறவைத்து எடுத்தபோது உள்ளங்கால் இல்லை. விரல்கள் கறுத்திருந்தன. கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது.

சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர் ரொலான். குழாயில் நீல மருந்தை எடுத்து, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள் பூங்காவனம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சர்க்கரை முற்றிய நிறம். பாதம் மரத்துப்போகும், காயம் பட்டாலும் தெரியாது, தாகம் அடங்காது என்று பரீட்சைத் தாளில் அவளே கோடு போட்டு எழுதியிருந்தாள். அதற்குத்தான் முதல் மார்க்.

டாக்டர் தொடைக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். மாலைக்குள்.

சார்ட்டை எடுத்துக்கொண்டு பூங்காவனம் கட்டிலருகே உட்கார்ந்தாள். காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப வேண்டும்.

"தீக்காயம்தானேம்மா."

காமாட்சி மகளின் தலையைப் பார்த்தாள். "தொப்பி சாஞ்சிருக்கு. நேரா வை."

"அம்மா."

"குண்டத்துல இறங்கறப்ப ஒண்ணும் தெரியல. பாலுக்குள்ள வந்து பாத்தா தோல் கழண்டு தொங்குது. யாரும் பாக்கக் கூடாதுன்னு நின்னேன்."

"ஏம்மா சொல்லல. ஒரு வார்த்தை."

"உங்கப்பா சொன்ன வார்த்தை இருக்கே. கொப்புளம்னா மறுநாளே உன்னைக் கூட்டிட்டு வந்துருப்பார். தொப்பி ஏறுற வரைக்கும் தாங்கினாப் போதும்னு நெனச்சேன். ஏறிட்டா அப்புறம் கழட்ட மனசு வராது அவருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "வலிக்கல, மோ தீஃபி. வலிச்சிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ."

மோ தீஃபி என்றால் என் மகளே என்று அர்த்தம். குழந்தையாக இருந்தபோது கூப்பிட்டது. பூங்காவனம் சார்ட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். வார்டில் மாணவிகள் அழக்கூடாது.

"கரும்பு அடிக்கட்டை குத்திச்சுன்னு எழுது. உங்கப்பாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனா விநாயகம் யாரை விட்டாவது படிக்கச் சொல்லுவான்."

"டாக்டருக்கு நிஜம் தெரியணும்மா."

"டாக்டருக்கு வாயால சொல்லு. தாள்ல எழுதாத." பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ பொணம் தொட்டதாலன்னு மனசுல வெச்சுக்காத. நீ குளிச்சிட்டுத்தான் வந்தே. எனக்குத் தெரியும்."

பூங்காவனம் அந்தக் கட்டத்தில் கரும்பு அடிக்கட்டை என்று இங்கிலீஷில் எழுதினாள். டாக்டரிடம் போய்த் தீக்காயம் என்று சொன்னாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் அது எதுவாக இருந்தால் என்ன.

காலை எடுத்தார்கள். பென்சிலினும் இன்சுலினும் போட்டார்கள். விஷம் அதற்குள் இரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காமாட்சி போய்விட்டாள். மருதை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நாலு நாளும் அங்கேதான் இருந்தார்.

உடம்பைத் துடைத்துக் கட்ட மொனிக்கை அனுப்புகிறேன் என்றார் சிஸ்டர் ஜெனெவியேவ். வேண்டாம் என்றாள் பூங்காவனம். கண்ணை மூடினாள். தாடையைத் தாங்கிக் கட்டினாள். வலது கால் விரல்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். இடப்பக்கம் துடைக்க ஒன்றும் இல்லை. அங்கே வந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வார்டு விதியை மறந்து, தாயின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதாள். சிஸ்டர் மறைப்புத் திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

அடுத்த திங்கட்கிழமைத் தாளில் இரண்டு வரி இருந்ததாக மொனிக் பின்னால் சொன்னாள். மாணவி பூங்காவனம் விடுப்பில். வெந்நீர்க் கொதிகலன் சரிசெய்யப்பட்டுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் பாம்பூ வீட்டில் நடந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கையலம்பினார்கள். விநாயகம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அடிக்கட்டைதான் எமனா வந்திருக்கு" என்றார். "அம்மன் குண்டத்துல ஒரு குறையும் இல்லாம மிதிச்சவ. நான் பேசினது தப்புண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க."

மருதை தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லாரும் போன பிறகு அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். வெளியே வெயில் சரிந்துகொண்டிருந்தது. ஐந்து மணி பஸ்ஸில் அவள் திரும்ப வேண்டும். காமாட்சியின் கான்வாஸ் ஷூ இரண்டும் கட்டிலுக்கடியில் இருந்தன. இடது ஷூவுக்குள் ஒரு துணிக் கந்தல் திணித்திருந்தது. மஞ்சள் கறை. பூங்காவனம் அதைக் கையில் எடுத்தாள்.

"அடிக்கட்டை இல்லப்பா" என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் மணிக்கட்டுப் பிடி நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

மருதைதான் பேசினார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பால் தொட்டியைக் கவுக்கறதும் என் வேலைதான். உனக்குத் தெரியும்ல."

"தெரியும்பா."

"அன்னிக்கு எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் கவுத்தேன். கடைசியா இறங்கினவ உங்கம்மா. அடியில ஒரு தோல் கெடந்துது. உள்ளங்கால் அகலத்துக்கு. மஞ்சளோட."

பூங்காவனம் ஷூவைக் கீழே வைத்தாள்.

"மண்ணைத் தோண்டிப் புதைச்சேன். யாரும் பாக்கல. வீட்டுக்கு வந்து கேட்டா, அவ ஆமான்னு சொல்லிருப்பா. சொல்லிட்டா நான் உன்னைக் கூட்டிட்டு வரணும். வார்த்தை கொடுத்துட்டேன். அதனால கேக்கல." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "மஞ்சளும் எண்ணெயும் அரைச்சு தெனமும் அவ பாய்க்குப் பக்கத்துல வெப்பேன். யாருக்குன்னு அவ கேக்கல. காலைல பாத்தா கிண்ணம் காலியா இருக்கும். சரியாயிட்டு வருதுன்னு நெனச்சேன். அவ ஒரு நாள்கூட முனகல, பூங்கா. முனகியிருந்தா என் வார்த்தையைத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பேன்."

"அம்மாவுக்கு வலிக்கல" என்றாள் பூங்காவனம். "வலிக்காத வியாதிப்பா அது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னிக்கு சிஸ்டர் கேட்டாங்க. புது ஷூன்னு சொன்னேன்."

"அது என் காதுலயும் விழுந்துது" என்றார் மருதை. "நீ சொன்னப்ப ரெண்டு அடி தள்ளித்தான் நின்னேன். எனக்கு நிம்மதியா இருந்துது."

மூன்று பேரும் ஒரே காலை ஒரே தொப்பிக்காக மூடி மூடி வைத்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தர் அன்பு கொஞ்சம் குறைவாக வைத்திருந்தால் காமாட்சி பிழைத்திருப்பாள்.

மருதை எழுந்தார். "கிளம்பு. பஸ் போயிடும்."

அவர் எழுந்தபோது காலைப் பார்த்தாள். வெறுங்கால். பதினாறு நாளாக மண்ணில் உழன்ற கால், குண்டத்துச் சூட்டில் நின்று நின்று தோல் தடித்த கால்.

"உக்காருங்கப்பா."

"என்ன?"

அவள் வெளியே போய்க் குழாயில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்தாள். பையிலிருந்து ஆஸ்பத்திரி சோப்பை எடுத்தாள். அப்பாவின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கழுவினாள். காரியத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவை நனைந்தது. குதிகால், உள்ளங்கால், ஒவ்வொரு விரல் இடுக்கும். பிறகு வாசல் வெளிச்சத்தில் திருப்பி, ஊக்கின் முனையால் லேசாகத் தொட்டாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுது, பூங்கா."

"பொய் சொல்லாதீங்கப்பா."

"வலிக்குதும்மா" என்றார் மருதை. சொன்னவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பூங்காவனம் அந்தக் காலை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த காலை மடியில் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.